பொய் ரோமமும் மெய்க் குளிரும்

போடிநாயக்கனூரில் விடியுமுன்னே ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். போன தையில் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா போட்டிருந்த ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. பின்னலிலேயே சிறுத்தைப் புள்ளிகள். கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று பொய் ரோமம். யாரோ ஒரு டிசைனர் எங்கோ விளையாட்டாகச் செய்ததன் நகலின் நகல். சேலைக்கு மேலே அது, அதற்கும் மேலே ஓர் ஆம்பளைச் சட்டை.

ரோமத்தைப் போலச் செய்யும் பின்னலாடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாக அப்போது எனக்கு எண்ணம். வாதம் தயாராகவே இருந்தது. மிருகத்தோல் அதிகாரத்தின் குறி. வேட்டையாடிய ஜமீன்தாரும், புலித்தலையைச் சுவரில் மாட்டிய துரையும் அந்த மொழியில்தான் பேசினார்கள். அதே குறியை நூலால் போலச் செய்து, 'நான் ரோமமில்லை' என்று அதே மூச்சில் சொல்லிச் சிரிக்கிற ஆடை, மூலம்/நகல் என்கிற படிநிலையையே கவிழ்த்துவிடுகிறது. நம்மூர்ப் புலிவேஷக்காரர் உடம்பில் வரி பூசிக்கொண்டு ஆடும்போது யாரும் ஏமாறுவதில்லை, ஆனாலும் பிள்ளைகள் மிரளும். இப்படிப் போயிற்று வாதம்.

மேற்குச் சான்றும் கைவசம் இருந்தது. எல்ஸா ஸ்கியாபரெல்லி 1927இல் பாரிஸில் ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்தார். கழுத்தில் துணி முடிச்சுக் கட்டியதுபோலத் தெரியும். தொட்டால் முடிச்சு இல்லை, பின்னலில் வந்த உருவம் மட்டுமே. அவரே 1938இல் நிஜக் குரங்கு ரோமம் வழிகிற காலணிகளையும் செய்தார். அவர் பெயரிலான நிறுவனம் 2023 ஜனவரியில் சிங்கம், பனிச்சிறுத்தை, ஓநாய்த் தலைகளைப் பிசினிலும் பொய் ரோமத்திலும் செய்து உடைகளில் பொருத்தியபோது பெரிய சண்டை நடந்தது. இது வேட்டையைப் புகழ்கிறதா, கேலி செய்கிறதா?

மிருகத்தைப் பற்றிய கேள்வி அவசியமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்கள். 1927 ஸ்வெட்டரைக் கையால் பின்னியவர்கள் பாரிஸில் அகதிகளாக வாழ்ந்த ஆர்மீனியர்கள். விளையாட்டு டிசைனர் கணக்கில் வரவாகிவிட்டது. விரல்களுக்குக் கணக்கே இல்லை.

'அக்கா, ஸ்வெட்டரு நல்லாருக்கே, புலி மாதிரி' என்றேன்.

'புலியாவது கிலியாவது தம்பி. மேல ஏறுனா குளுருதுல்ல? நூறு ரூவாய்க்குப் பழசு. இந்த முடிதான் தட்டைக்குள்ள நனைஞ்சா காயவே மாட்டேங்குது. அத்துப்போடணும்.'

என் கட்டுரை அங்கேயே இற்றுப்போயிற்று. அவர் பிரதியை வாசிக்கத் தெரியாதவர் என்று நான் எழுதினால் அது என் திமிர். எங்கள் இருவரில் ரோமத்தைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்: இது குளிரைத் தடுக்குமா? அதே மலைச்சோலைகளில் திரியும் கருமந்திக்கும் ரோமம் அதற்காகத்தான். மருந்துக்கென்றும் தோலுக்கென்றும் அதை வேட்டையாடினோம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.

விளையாட்டு யாருக்குச் சாத்தியம் என்று கேட்டாக வேண்டும். நிஜத்தை வாங்க வசதியுள்ளவர் பொய்யை அணிந்தால் அங்கதம். வசதியில்லாதவர் அணிந்தால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்போம். ஏலச்சந்தையில் காய் பச்சையாகவும் பருமனாகவும் இருந்தால்தான் விலை. அதற்காகக் காய்க்கே பச்சைச் சாயமேற்றுகிற வேலையும் நடக்கிறது. அதை யாரும் மூலத்தைக் கவிழ்க்கும் கலை என்பதில்லை, கலப்படம் என்கிறோம். எந்தப் பொய் கலை, எந்தப் பொய் குற்றம், எந்தப் பொய் அசட்டுத்தனம் என்று பிரிப்பது பொய்யின் குணமல்ல, பொய் சொல்பவர் நிற்கிற இடம்.

இன்னொன்று. பொய் ரோமம் பெரும்பாலும் பின்னலாடையேதான். வட்டப் பின்னல் இயந்திரத்தில் கண்ணி விழும்போதே அக்ரிலிக் இழைக் கற்றைகளை ஊட்டி, பிறகு சீவி, கத்தரித்து ரோமமாக்குகிறார்கள். திருப்பூரில் பனியன் துணி ஓட்டுகிற இயந்திரத்துக்கு அது பங்காளி. அந்தப் பனியனுக்கு நூல் தந்த ஆலைகளுக்குத்தான் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இளம்பெண்களைக் கூட்டிப்போய் விடுதிகளில் அடைத்தார்கள். அம்மா மலையில் காய் எடுக்க, மகள் சமவெளியில் நூல் நூற்ற வீடுகளை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். பொய் ரோமத்தில் மிருகத்தின் ரத்தம் இல்லை என்பது உண்மை. யாருடைய உடம்பும் அதில் இல்லை என்பது பொய்.

பொய் ரோமம் வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. நிஜ ரோமத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதன் சிரிப்பை மட்டும் வாசிக்கிற விமர்சனம், அந்தச் சிரிப்பை விற்கிறவனுக்குச் செய்துகொடுக்கிற வேலை. நானும் அதைத்தான் செய்ய இருந்தேன்.

மறுநாளும் அங்கே போனேன். அக்கா கழுத்து ரோமத்தை அறுத்தெறிந்திருந்தார். அந்த இடத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். ஜீப்பில் உட்கார இடமில்லை. பின்கம்பியைப் பிடித்து நின்றபடியே போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டையூசி வளைவுகளுக்குப் புறப்பட்டார்.