வானொலித் தொடர் நாடகமும் திசைச்சொல்லும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு எழுதியோர் கூத்து, மேடை நாடகம், நாடக நூல் ஆகிய மூன்றையும் விரிவாகப் பேசியுள்ளனர். வானொலி நாடகத்திற்குப் பெரும்பாலும் ஓரிரு பத்திகளே கிடைக்கின்றன. அதன் ஒரு கிளையாகிய தொடர் நாடகமோ விளம்பரதாரர் வழங்கிய பொழுதுபோக்கு எனக் கருதப்பட்டு ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. இலங்கை வானொலியின் தமிழ்த் தொடர்களை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் இக்கட்டுரை, வட்டார வழக்கு அவற்றில் அணியாக அன்றி நாடகத்தின் இன்றியமையா உறுப்பாகவே இயங்கியது என்பதை நிறுவ முயல்கிறது.

புரவலரும் வடிவமும்

வானொலித் தொடர் செழித்த நாடுகளுள் ஆஸ்திரேலியா குறிப்பிடத்தக்கது. 1940இல் போர்க்கால இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அமெரிக்க ஒலித்தட்டுகளின் வரவு தடைபட, உள்நாட்டுத் தயாரிப்பு பெருகிற்று. அங்கு இருவகைப் புரவலர் இருந்தனர். ரிக்லி சூயிங்கம் நிறுவனத்தின் விளம்பரத்துடன் வந்த ‘டாட் அண்ட் டேவ்’ 1937 முதல் 1953 வரை 2276 பகுதிகள் நடந்தது. அரசு ஒலிபரப்பில் குவென் மெரெடித் எழுதிய ‘புளூ ஹில்ஸ்’ 1949 முதல் 1976 வரை 5795 பகுதிகள் நடந்தது. முன்னது நாட்டுப்புற மாந்தரின் பேச்சை நகைப்பிற்குரியதாக்கிற்று. பின்னது நாட்டுப்புறக் குடும்ப வாழ்வை நிதானமாக எடுத்துரைத்தது. வணிகம் நகைச்சுவையையும் அரசு நிறுவனம் ஆழ்ந்த சித்திரிப்பையும் வளர்க்கும் என்ற முடிவுக்கு இவ்விரண்டும் இடந்தரக்கூடும். தமிழ்ச் சூழலில் இம்முடிவு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

திருவாங்கூர் அரசு 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானொலி நிலையம் 1950இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. டி. என். கோபிநாதன் நாயர் போன்ற நாடகாசிரியர்கள் அங்குப் பணியாற்றினர். கேரள நிலையங்களின் ‘நாடக வாரம்’ மலையாள வானொலி நாடகத்திற்கு இலக்கிய மதிப்பைத் தேடித் தந்தது. அம்மரபில் அடிப்படை அலகு ஒரே அமர்வில் முடியும் தனி நாடகமே. சென்னை நிலையத்தில் சுகி சுப்பிரமணியத்தின் ‘காப்புக்கட்டிச் சத்திரம்’ போன்ற தொடர்கள் புகழ்பெற்றன எனினும், இந்திய வானொலியில் வர்த்தக ஒலிபரப்பு 1967இல்தான் தொடங்கியது.

இலங்கையிலோ 1950இலேயே வர்த்தகச் சேவை தோன்றிவிட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியரான கிளிஃபோர்ட் டாட் 1950களில் அதனை வழிநடத்தினார். ஆஸ்திரேலியத் தொடர்களே தமிழ்த் தொடர்களுக்கு மூலம் என இதனால் துணிந்துவிடல் ஆகாது. விளம்பரதாரரின் பொருளுதவியில் நிகழ்ச்சி அமைக்கும் முறை அங்கு வேரூன்றியது என்பதே கொள்ளத்தக்கது.

குரலே ஒப்பனை

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு உடலின்வழிப் புலப்படுவது. வானொலியில் உடல் இல்லை. ஒப்பனையும் திரையும் இல்லை. பேசுபவர் எவ்வூரார், எத்தொழிலர், எச்சமூகத்தவர் என்பதைக் கேட்போர் பேச்சைக் கொண்டே அறிய வேண்டும். எனவே மேடையில் உடையும் அரங்கப்பொருளும் செய்யும் பணி இங்கு வழக்குச்சொல்லின் மேலும் ஒலிப்பின் மேலும் விழுகிறது.

இலங்கை வானொலியில் நாடகத் தயாரிப்பாளராக விளங்கிய ‘சானா’ எனப்படும் சண்முகநாதன் காலத்திலேயே இது உணரப்பட்டது. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ ஆகியவற்றின் தலைப்புகளே இதற்குச் சான்றாகும். ‘விதானையார்’ என்ற ஒரு சொல் யாழ்ப்பாணத்துச் சிற்றூரையும் அதன் அதிகார அமைப்பையும் கேட்போர் மனத்தில் எழுப்பிவிடும். அதனை ‘ஊர்த்தலைவர்’ என மாற்றின் பொருள் எஞ்சும், இடம் மறைந்துவிடும்.

எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ இம்முறையை முழுமையாகப் பயன்படுத்திய தொடர். இசுலாமியத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பார்ப்பனத் தமிழ் என நால்வரும் நால்வகையில் பேசினர். கேட்போர் யார் பேசுகிறார் என ஒருபோதும் ஐயுறவில்லை. இத்தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் உருப்பெற்றது. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. இங்கு வழக்கு, ஆளை அடையாளங்காட்டுவதோடு நின்றுவிடுகிறது. சமூகத்திற்கு ஒரு குரல் என வகுத்தபின் அக்குரலுக்குரியவர் வளர்வதில்லை. அவர் வாய்திறந்தவுடன் சிரிப்பு எழுவது மரபாகிவிடுகிறது.

நகைப்பிலிருந்து அவலத்திற்கு

சில்லையூர் செல்வராசன் முதலில் திரைப்படச் சுவடியாக எழுதிய ‘தணியாத தாகம்’ பின்னர் மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாகத் தொடர் வடிவில் ஒலிபரப்பாயிற்று. கே. எஸ். பாலச்சந்திரன் உள்ளிட்டோர் நடித்த இது யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் துயரைப் பொருளாகக் கொண்டது. ‘கோமாளிக’ளில் நகைப்பிற்குரியதாக நின்ற அதே யாழ்ப்பாணப் பேச்சு இங்கு அழுகையைத் தாங்குகிறது. ஒரு வீட்டார் அனைவரும் அதே வழக்கில் பேசுவதால் வழக்கு வேறுபாட்டுக் குறியாக நிற்பதை விட்டு உறவின் மொழியாகிறது. பேசுபவரின் ஊரை விடுத்து அவர் உள்ளத்தையே கேட்போர் பின்தொடர்கின்றனர்.

முற்சுட்டிய முடிவு இங்குப் பொருந்தாமை தெளிவு. ஆழ்ந்த குடும்ப நாடகத்திற்கு இங்குப் புரவலராய் அமைந்தது ஒரு வங்கியின் விளம்பரமே. ஆகவே புரவலரைக் கொண்டு படைப்பின் தரத்தை முன்கூட்டியே வரையறுத்தல் பிழையாகும். மன்னர் பரிசிலுக்குப் பாடப்பட்டமையால் புறப்பாட்டின் தகுதி குன்றியதாக எவரும் கூறுவதில்லை.

திறனாய்வின் இருவேறு அளவுகோல்

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்தபோது இரணியல் வட்டார வழக்கு அதன் வலிமையாகப் போற்றப்பட்டது. ஆ. மாதவனின் சாலைத் தெருக் கதைகளும் அவ்வாறே மதிக்கப்பெறுகின்றன. அச்சில் இலக்கியமாக ஏற்கப்பட்ட வட்டார வழக்கு வானொலியில் வெறும் பொழுதுபோக்காக எண்ணப்படுவது ஏன்? பனுவல் கையில் இல்லை என்பது ஒரு விடையாகலாம். தொடரின் எழுத்துப்படி ஒலிபரப்போடு தன் பணி முடிந்ததாகக் கருதப்பட்டது. ஆயின் பனுவல் கிடைக்காமை தேடுவதற்குக் காரணமாகுமேயன்றி ஒதுக்குவதற்குக் காரணமாகாது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த துறை இதனை அறியாததன்று.

முடிவுரை

வானொலித் தொடரில் வட்டார வழக்கு மூன்று நிலைகளில் இயங்கியுள்ளது: இடத்தைக் காட்டல், ஆளை வேறுபடுத்தல், உள்ளத்தை உணர்த்தல். மூன்றாம் நிலையை எய்திய தொடர்கள் நாடக இலக்கிய வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. எழுத்துப்படிகள், ஒலிநாடாக்கள், எஞ்சிய கலைஞரின் நினைவுகள் ஆகியவற்றைத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். நாடாவும் நினைவும் ஏட்டினும் விரைந்து அழிவன.

கொடுந்தமிழ் நிலங்களை எண்ணும் உரைமரபு வேணாட்டையும் அவற்றுள் ஒன்றாகக் காட்டும். அந்நிலத்தின் வழக்கைக் கேட்கவென 1984இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அமைந்தது. அதன் நாடகங்களில் நாஞ்சில் வழக்கு மேற்கூறிய மூன்று நிலைகளுள் எதனை எய்தியது என்பது திருவனந்தபுரத்திலிருந்தே தொடங்கத்தக்க ஆய்வாகும்.