'மட்டன் அல்லது சிக்கன்': ஆம்பூர் பிரியாணி செய்முறைகளில் விட்டுப்போன வரி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொச்சினீட்டா பிபில் செய்து பார்த்தேன். மெக்சிகோவின் யுகட்டான் பகுதிப் பன்றிக்கறி இது. மாயா மொழியில் 'பிப்' என்றால் மண்ணைத் தோண்டிச் செய்த அடுப்பு. அனாட்டோ விதை, பூண்டு, மிளகு, புளிப்பு ஆரஞ்சுச் சாறு சேர்த்த மசாலாவில் கறியை ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து, அந்தக் குழியில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். வெந்த கறியைப் பிய்த்து, புளிப்பில் ஊறிய சிவப்பு வெங்காயத்தோடு சோள டார்ட்டியாவில் வைத்துச் சாப்பிட்டால் அதுதான் டாக்கோ.

என்னிடம் குழி இல்லை, ஓவன்தான் இருக்கிறது. ஒரு கிலோ தோள்கறி, 160 டிகிரி, மூன்றரை மணி நேரம். வாழையிலையை அனலில் வாட்டுவதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை!

ருசி பற்றி எழுத இதை ஆரம்பிக்கவில்லை. நான் படித்த மெக்சிகோ செய்முறைகளின் நேர்மைதான் யோசிக்க வைத்தது. குழி இல்லையா, ஓவன். புளிப்பு ஆரஞ்சு கிடைக்கலையா, சாதா ஆரஞ்சோடு எலுமிச்சை. மாற்றியதை மாற்றியது என்றே சொல்கிறார்கள். சரியாகப் பார்த்தால் அந்த உணவே ஒரு மாற்றம்தான். குழி மாயாக்களுடையது, பன்றியும் புளிப்பு ஆரஞ்சும் ஸ்பானியர்கள் கொண்டுபோனவை. அதையும் யாரும் மறைப்பதில்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருகிறேன். 'வீட்டிலேயே ஆம்பூர் பிரியாணி' என்று வரும் செய்முறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பல விஷயங்களைச் சரியாகவே சொல்கிறார்கள். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது (அந்த மிளகாயும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததுதான்), அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்துக் கறியோடு சேர்ப்பது, தம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். விறகடுப்பும் தணலும் இல்லாதவர்களுக்குப் பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல் வைக்கும் யோசனையும் உண்டு. இதுவரைக்கும் குறையில்லை.

குறை பொருள் பட்டியலின் முதல் வரியில் இருக்கிறது: 'மட்டன் அல்லது சிக்கன்.'

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் தொழில் ஊர்கள். இந்தப் பக்கம் பஸ் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், இங்கே பீஃப் பிரியாணி ஒளித்து விற்கும் பண்டம் இல்லை. மட்டன் பிரியாணிக்குக் காசு போதாத நாளில் ஒருவர் வயிறு நிறையச் சாப்பிடுவது அதைத்தான். ஆம்பூர் என்ற பெயர் செய்முறைக்கு வேண்டும், ஆம்பூரில் பலர் சாப்பிடுவது மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

இது வெறும் சமையல் குறிப்புச் சண்டை இல்லை. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. பீஃப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. செய்முறைகள் சத்தமில்லாமல் செய்ததை விழா அறிவித்துச் செய்தது, அவ்வளவுதான்.

"மாட்டுக்கறி சாப்பிடாதவங்களுக்காக எழுதறாங்க, அதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். தப்பே இல்லை. சாப்பிடாதவர் சமைக்க வேண்டாம். 'இது மட்டன் வகை, ஊரில் பீஃபும் உண்டு' என்று ஒரு வரி எழுதினால் போதும். டீஃபால்ட் மதிப்பை ஆவணத்தில் சொல்லாமல் விட்டால் எங்கள் தொழிலில் அதைப் பிழை என்போம்.

சமையலாகப் பார்த்தாலும் அந்த 'அல்லது' தவறு. மட்டனுக்குச் சொன்ன நேரத்தில் சிக்கனை வேகவைத்தால் உதிர்ந்துவிடும். அதே நேரத்தில் மாட்டுக்கறியை இறக்கினால் ரப்பர் மாதிரி இருக்கும்; நானே ஒருமுறை அப்படிச் செய்து, வந்த விருந்தாளி மென்றுகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உழைத்த தசையில் கொலாஜன் அதிகம். அது ஜெலட்டினாகக் கரைய மெதுவான சூடும் நேரமும் வேண்டும். பன்றித் தோள்கறிக்கு மூன்றரை மணி நேரம் எடுத்ததும் இதனால்தான். பிரியாணியில் தம் போட்ட பிறகு அதற்கு நேரம் கிடைக்காது, அதற்குள் அரிசி குழைந்துவிடும். அதனால் அரிசி சேரும் முன்பே கறி முழுசாக வெந்திருக்க வேண்டும். இதை எழுதிய செய்முறை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் கறியே பட்டியலில் இல்லாதபோது அதன் நேரம் எங்கிருந்து வரும்?

என் நோட்டில் இப்போது இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: 'கறி: மாடு என்றால் குறைந்த தீயில் இரண்டு மணி நேரமாவது, ஆடு என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கோழி என்றால் அரை மணிக்குள். எதுவானாலும் விரலால் அழுத்தினால் பிய்ய வேண்டும், அப்புறம்தான் அரிசி.'