விட்டுப் போனவனின் வீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் இளைஞர் திருவள்ளூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி. இரண்டு ஊரும் ஒரே ஜில்லாதான். ஆனால் ரயிலில் வருவதென்றால் பட்டணம் வரை போய், வண்டி மாறி, மறுபடி மேற்கே வர வேண்டும். அப்படி அலைந்து வந்தவரிடம் உபசாரமாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறவர். கண்டிப்பான ஒரு ஜபக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நகை கூடாது, சினிமா கூடாது, நோய் வந்தால் மருந்து கூடாது, ஜபம்தான். சர்க்கரை வியாதிக்காரரான தகப்பனார் காலில் புண் வைத்து, வைத்தியம் பார்க்காமலே இறந்துபோனார். அதன் பிறகு இவர் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். தாயாரும் தமக்கையும் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். தமக்கையின் கல்யாணத்தன்று இவர் சபைக்கு வெளியே, தெருவில் நின்றிருந்தாராம்.

நாவலின் கதையும் இதுவேதான். உலைக்களத்தின் சூடும், இரவு ஷிப்டும், பிரசங்கியாரின் குரலும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் தாய் நாலே இடங்களில்தான் வருகிறாள். நாலு இடத்திலும் அழுகிறாள். அழுவதைத் தவிர அவளுக்கு ஆசிரியர் வேறு வேலை கொடுக்கவில்லை.

இது இவர் ஒருவருடைய குறையல்ல. இந்த வகைக் கதைக்கே உள்ள பழைய நோய். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் வீட்டை விட்டு ஓடுகிறான். மனைவியும் மக்களும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவனோ காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுகிறான். நூலாசிரியரும் அவனோடு சேர்ந்து காதை அடைத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அந்த மனைவிக்கு 1684-ல் இரண்டாம் பாகத்தில்தான் இடம் கிடைத்தது. அதுவும் அவள் மனம் மாறி, கணவன் போன வழியிலேயே கிளம்பிய பிறகு. ஒப்புக்கொள்ளாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு என்ன நியாயம் இருந்தது என்று சொல்ல பனியனுக்கு ஒரு பக்கம் கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான புத்தகம் எட்மண்ட் காஸ் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’. 1907-ல் பெயர் போடாமல் வெளியிட்டார். தகப்பனார் பிலிப் காஸ் பேர் பெற்ற உயிரியல் அறிஞர். பிளிமத் பிரதரன் என்ற மிகக் கண்டிப்பான கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே விக்கிரக ஆராதனை. வேலைக்காரிகள் ரகசியமாகச் செய்த கிறிஸ்துமஸ் பலகாரத்தில் ஒரு துண்டைப் பையன் தின்றுவிட்டான் என்று தெரிந்ததும், மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சாம்பல் குப்பையில் எறிந்துவிடுகிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் மகன் நரகத்துக்குப் போய்விடுவானோ என்ற மெய்யான பயம் அது என்பதையும் காஸ் நமக்குத் தெரியவைக்கிறார். அதே தகப்பன்தான் ஒரு நாள் வர்ஜிலின் லத்தீன் வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டுகிறார். அந்த ஓசையில் பையன் மயங்கிப்போகிறான். வீட்டை விட்டு வெளியேறும் வழியை அவனுக்குக் காட்டியது வீடேதான்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1827-ல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் பனியனின் கதையையே தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது 1894-ல் வெளிவந்தது. மதம் மாறினார், ஆனால் பாட உட்கார்ந்தபோது கை தேடிப் போனது கம்பனின் நடையைத்தான். இடையிடையே வரும் துதிப் பாடல்களுக்கு அவர் வைத்த பெயரும் தேவாரம்தான். விட்டுப் போகிறவன் எல்லாவற்றையும் விட்டுப் போவதில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பல சமயம் அவனுக்கே தெரிவதில்லை.

சொன்னபடி இளைஞர் வந்தார். “நீங்கள் போனால் அம்மா என்ன சொல்லுவார்கள்?” என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் வாசல்லயே ‘ஸ்தோத்திரம்’னு சொல்லுவாங்க ஐயா. சபையை விட்டவனுக்கு அதைச் சொல்லக் கூடாது. இப்போ ‘சாப்பிட்டியா’ன்னு மட்டும் கேப்பாங்க.” அவர் குரலில் கசப்பு இருந்தது.

“இது நாவலில் இல்லையே?”

“அதுல என்ன இருக்கு ஐயா?”

எனக்கு எல்லாம் அதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. விதி ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டது. அந்த அம்மாள் விதியையும் மீறாமல், மகனையும் விடாமல், தானே வேறொரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறாள். இன்னொன்றும் இருக்கிறது. மகன் சொல்வது சரியென்றால், மருந்து கொடுக்காமல் புருஷனைச் சாகவிட்டவள் தான் என்று அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும். எந்தப் பெண்ணால் அது முடியும்? பிரசங்கியார் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. செத்துப்போன கணவன்தான் பிடித்து வைத்திருக்கிறான். மகன் வெளியே வந்தது நியாயம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பிப் போகும்படியும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வெளியே வராததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழே நிறுத்தினால்தான் நாவல். ஒன்றை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பிரசங்கம்தான்; மேடை வேறு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். புறப்படும்போது, “அம்மா நாவலெல்லாம் படிக்க மாட்டாங்க ஐயா. அது பாவம்” என்றார்.

“படிக்க மாட்டார்கள்தான். ஆனால் படித்தால் ‘ஆமாம், நான் இப்படித்தான்’ என்று சொல்லுவார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்” என்றேன்.

பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாலை வண்டிக்குப் போனார். திருத்தி எழுதிக்கொண்டிருப்பதாக இந்த வாரம் கடிதம் வந்திருக்கிறது.