வேலோடு போன யானை

774ஆம் குறளில் வீரன் கைவேலை யானைமேல் எறிகிறான். அது வேலோடு போய்விடுகிறது. அவன் தன் உடம்பில் தைத்த வேலைப் பறித்துச் சிரிக்கிறான். உரைகள் சிரிப்பைப் பேசும். சரி, அந்த யானை என்ன ஆச்சு? அது போர்க்களம், வேட்டையல்ல என்பீர்கள். மிருகத்துக்குப் புண் ஒன்றுதான்.

நம் செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாமிலும் புலி பாய்ந்த கணவனின் மார்புப்புண் ஆறக் கொடிச்சிகள் பாடுகிறார்கள். புலியின் புண்ணுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை.

அந்தப் புண்ணின் கணக்கு வேறு. 1907இல் குமாவோனில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றிருந்தது. வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய குண்டடி, இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனது அதனால்தான் என்றார் கார்பெட். சுட்டது யாரோ. செத்தவர்களில் கடைசி ஆள் சுள்ளி பொறுக்கப் போன பெண்.

இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் சுடாதே. பட்டும் விழவில்லையென்றால் உடனே அடுத்த குண்டு. ஓடினால் ரத்தத்தடம் பிடித்துப் போய் முடித்துவிட்டு வா: நல்ல வேட்டைக்காரர்கள் தமக்கே போட்டுக்கொண்ட விதி இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு இங்கே அந்த வேட்டை முடிந்தது. எறிந்தவனை மட்டும் பார்க்கிற வாசிப்பு முடியவில்லை. படைச்செருக்கு அதிகாரத்தை அடுத்தமுறை படிக்கும்போது வீரனை விட்டுவிட்டு யானையின் பின்னால் கொஞ்சதூரம் போய்ப் பார்க்கணும்.