தண்ணீரிலிருந்து எழும் பீவர்

ஏரியே ஓடுதளம் என்றாகிவிட்டால் விமானத்தைப் பார்க்கும் கண்ணும் மாறவேண்டும். வேகம் அங்கே பெரிதில்லை. பாரத்தோடு சீக்கிரம் எழும்புமா என்பதே முதல் கேள்வி. என் தேர்வு கனடாவின் பீவர்.

1947-இல் முதன்முதலாகப் பறந்த இதை வடிவமைக்குமுன், டி ஹாவிலாண்ட் கனடா நிறுவனம் வடக்குக் காடுகளில் பறந்துகொண்டிருந்த விமானிகளிடமே என்ன வேண்டும் என்று கேட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் விமானத்தில் தெரிகிறது. படகுத்துறை எந்தப் பக்கம் அமைந்தாலும் சரக்கேற்ற இருபுறமும் அகலமான கதவுகள். எண்ணெய்ப் பீப்பாயை அப்படியே உருட்டி ஏற்றலாம். எஞ்சின் ஆயில் ஊற்றும் வாய் விமானி அறைக்குள்ளேயே இருக்கிறது. உறையும் குளிரில் வெளியே நின்று ஊற்ற வேண்டாம், பறந்துகொண்டேகூட ஊற்றலாம். இந்த ஒன்றுக்காகவே அந்த வடிவமைப்பாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

விமானத்தைத் தண்ணீரில் தாங்கும் மிதவையின் அடிப்புறத்தையும் குனிந்து பாருங்கள். நடுவில் ஒரு படி இருக்கும். வேகம் கூடும்போது அங்கே காற்று புகுந்து தண்ணீரின் பிடியைத் தளர்த்தும். அசைவற்ற ஏரியில் அந்தப் பிடி லேசில் விடாது. சிற்றலை இருந்தால் எழும்புவது எளிது.

450 குதிரைத்திறன் எஞ்சின். 1967-இல் உற்பத்தி நின்றுவிட்டது. வான்கூவர் துறைமுகத்திலோ பீவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கின்றன.