இலக்கணப் பயிற்சியும் படித்துணரும் திறனும்: பள்ளியிறுதி ஆங்கிலத் தேர்வு பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பள்ளியிறுதித் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் ஆங்கிலத் தாளுக்கென இருவகைப் பயிற்சிகளில் பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். கோடிட்ட இடத்தை நிரப்புதல், பிழை திருத்துதல், வாக்கியத்தை மாற்றி அமைத்தல் முதலிய இலக்கணப் பயிற்சி ஒன்று. பாடநூலில் இடம்பெறாத உரைப்பகுதியைப் படித்து, அதன்கீழ் அமைந்த வினாக்களுக்கு விடை எழுதும் பயிற்சி மற்றொன்று. இரண்டும் ஒரே மொழியைப் பற்றியனவே. எனினும் வினாத்தாளில் அவை வெவ்வேறு பிரிவுகள். பயிற்சி நூல்களில் வெவ்வேறு இயல்கள். வகுப்பறையில் வெவ்வேறு பாடவேளைகள். இப்பிரிவினை மாணவரின் படித்துணரும் திறனை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திட்டம் (2023-24) இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. பல்வேறு தாய்மொழிகளைப் பேசும் மாணவர் ஒரே வினாத்தாளை எழுதுவதால் இத்தேர்வு மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. தமிழ்ச் சான்றுகளே முதன்மையாகத் தரப்படினும், வேண்டுமிடத்துப் பிற இந்திய மொழிகளும் சுட்டப்படுகின்றன.

2. வினாத்தாளின் அமைப்பு

மேற்கூறிய பாடத்திட்டப்படி எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்களுக்குரியது. இதில் படித்தலுக்கு 20, எழுதுதலுக்கும் இலக்கணத்திற்கும் சேர்த்து 20, இலக்கியப் பாடங்களுக்கு 40 என்பது பங்கீடு. படித்தல் பிரிவில் 400 முதல் 450 சொற்கள் கொண்ட கருத்துரைப் பகுதி ஒன்றும், புள்ளிவிவரமோ வரைபடமோ இணைந்த 200 முதல் 250 சொற்கள் கொண்ட பகுதி ஒன்றும் இடம்பெறும். இலக்கணத்திற்குரிய 10 மதிப்பெண்களுக்குப் பன்னிரண்டு வினாக்கள் தரப்பட்டுப் பத்துக்கு விடை கேட்கப்படும். காலம், வினைநோக்குத் துணைவினைகள், எழுவாய் பயனிலை இயைபு, அயற்கூற்று, பெயர்வரையறைச் சொற்கள் ஆகிய ஐந்தும் இவ்வினாக்களுக்குரிய இலக்கணக் கூறுகள்.

அதே ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பொது ஆங்கிலத் தாளில் படித்தலுக்கு 22, படைப்பெழுத்துக்கு 18, இலக்கியத்திற்கு 40 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. இலக்கணத்திற்கெனத் தனிப்பிரிவு அங்கில்லை. கற்ற இலக்கணம் அனைத்தும் அந்நிலையில் படித்தலிலும் எழுதுதலிலும் கரைந்து செயற்பட வேண்டும் என்பது இதன் உட்கிடை. அவ்வாறு கரைவதற்குப் பத்தாம் வகுப்புப் பயிற்சி வழிசெய்கின்றதா என்பதே நம்முன் உள்ள வினா.

3. இரு மரபுகள்

இந்தியாவில் ஆங்கில இலக்கணப் பயிற்சியின் வடிவத்தை உறுதிப்படுத்திய நூல்களுள் தலையாயது ரென், மார்ட்டின் ஆகிய இருவரும் எழுதிய உயர்நிலைப்பள்ளி இலக்கண நூலாகும். 1930-களில் வெளிவந்து, பின்னர் என்.டி.வி. பிரசாத ராவால் திருத்தப்பெற்ற இந்நூல் இன்றும் பயிலப்படுகின்றது. விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி என்ற அதன் ஒழுங்கு ஆசிரியர் துணையின்றியும் கற்க உதவுவது. வீட்டில் ஆங்கிலம் அறியாத எத்தனையோ மாணவர்க்கு இவ்வகை நூலே ஆசிரியராக இருந்துள்ளது. இப்பயனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் இம்மரபின் அலகு தனிவாக்கியம். முன்னும் பின்னும் வேறு வாக்கியம் இல்லாத நிலையில், ஓர் இலக்கண வடிவம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற வினாவிற்கு அங்கு இடமில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர்த் திட்டம் என அறியப்படும் முயற்சி. கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு மாணவர் ஒரு சிக்கலைத் தீர்க்க முயலும்போது, கவனம் பொருளின்மேல் இருக்க, இலக்கணம் தானே உள்ளத்தில் படியும் என்பது அவர் கொள்கை. 1987-இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரித்துரைக்கின்றது. ஆயின் ஆங்கிலத்தைத் தடையின்றிப் பேசும் ஆசிரியரும் போதிய காலமும் இம்முறைக்குத் தேவை. தேர்வை எதிர்நோக்கும் வகுப்பறையில் இவ்விரண்டும் அரியவை.

முதல் மரபு இலக்கணத்தைப் பொருளிலிருந்து பிரித்தது. இரண்டாவது, இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிப்பதையே தவிர்த்தது. இலக்கணத்தை வெளிப்படையாகவும், அதேவேளையில் படித்தலின் கருவியாகவும் கற்பிக்கும் இடைவழி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

4. எடுத்தெழுதும் விடை

'துமிரன் கெவளையில் பவுந்தான்' என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். இதிலுள்ள சொற்கள் எவையும் தமிழில் இல்லை. எனினும் 'துமிரன் எங்கே பவுந்தான்?' என்று வினவினால் 'கெவளையில்' என்று எவரும் விடையளிப்பர். 'யார்?' என்றால் 'துமிரன்' என்பர். விடைகள் சரியானவை, புரிந்தது ஒன்றுமில்லை.

உரைப்பகுதி வினாக்களுக்கு விடை தேடும் மாணவர் பலர் கையாளும் உத்தி இதுவே. வினாவில் உள்ள சொல்லை உரைப்பகுதியில் கண்டுபிடித்து, அது வரும் வாக்கியத்தை எடுத்தெழுதுதல் என்பது பயிற்சிக் காலத்தில் அவர்களுக்குக் கற்றுத்தரப்படும் நெறியாகவே உள்ளது. ஊகித்து உணர்தற்குரிய வினாக்களும், தெரிவு விடை வினாக்களும் அண்மை ஆண்டுகளின் தாள்களில் இடம்பெறுவது வரவேற்கத்தக்கது. ஆயின் பழைய உத்தியை மட்டும் அறிந்த மாணவர் இவ்வினாக்களை எதிர்கொள்ளும்போது குறிப்பின்றித் தடுமாறுகின்றனர்.

மேற்காட்டிய வாக்கியம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. பொருளறியாச் சொற்களிடையே நம்மை வழிநடத்தியவை '-இல்' என்ற உருபும் '-ஆன்' என்ற விகுதியுமே. ஆகவே இலக்கணக் குறிகள் படிப்போனுக்கு வழிகாட்டிகள். ஆங்கில உரையிலும் அத்தகைய வழிகாட்டிகள் உள்ளன. அவற்றை மாணவர் இலக்கணப் பிரிவில் நிரப்புகின்றனர். படித்தல் பிரிவில் காணாது கடக்கின்றனர்.

5. ஐந்து இலக்கணக் கூறுகளும் படித்தலும்

5.1 பெயர்வரையறைச் சொற்கள்

உயிரெழுத்து ஒலிக்குமுன் 'ஆன்', ஆற்றுப் பெயர்க்குமுன் 'தி' என்ற விதிகளே பயிற்சிகளில் பெரிதும் வலியுறுத்தப்படுகின்றன. படிப்போனுக்குத் தேவையானதோ வேறு. 'தி ஃபார்மர்' என்றால் முன்னர்க் குறிப்பிடப்பட்ட உழவர். மீண்டும் 'ஏ ஃபார்மர்' என வந்தால் மற்றோர் உழவர். இவ்வேறுபாட்டை உணராதவர் இருவரை ஒருவராகக் கொள்வர். இவ்வுணர்வு இந்திய மாணவர்க்குப் புதிதன்று. 'புத்தகம் வாங்கினான்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினான்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு காட்டுகின்றது. வங்காளியில் பெயரோடு சேரும் 'டா' என்ற ஒட்டு இதனையொத்த பணியைச் செய்கின்றது. தாய்மொழியில் உள்ள இவ்வறிவைப் பயிற்சிகள் தொடுவதேயில்லை.

மற்றொரு சான்றும் நோக்கத்தக்கது. 'ஏ ஃபியூ' என்பது 'சிலர்' என இருத்தலைச் சொல்வது. 'ஃபியூ' என்பது 'சிலரே' எனக் குறைவைச் சொல்வது. ஆங்கிலத்தில் 'ஏ' நீங்கினால் தோன்றும் பொருள், தமிழில் ஏகாரம் சேர்ந்தால் தோன்றுகின்றது. ஒரு திட்டம் பயனளித்ததா இல்லையா என்பதையே மாற்றிவிடும் இச்சிறு சொல், பயிற்சியில் ஒரு கோடிட்ட இடமாக மட்டும் நின்றுவிடுகின்றது.

5.2 காலம்

'மருத்துவர் வருமுன் நோயாளி இறந்துவிட்டிருந்தார்' என்ற பொருளுடைய வாக்கியம் நம் வகுப்பறைகளில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. இதில் 'முன்' என்ற பொருள்தரும் 'பிஃபோர்' என்ற சொல்லே நிகழ்ச்சிகளின் வரிசையைச் சொல்லிவிடுகின்றது. எனவே 'ஹேட்' சேர்ந்த வினைவடிவம் எதற்கென மாணவர் உணர வாய்ப்பில்லை. 'மருத்துவர் வந்தபோது' என வாக்கியம் தொடங்கினால், 'டைட்' என்பதற்கும் 'ஹேட் டைட்' என்பதற்கும் இடையே ஓர் உயிரின் முடிவு பற்றிய செய்தியே வேறுபடும். மேலும் தமிழில் 'வந்து, கண்டு, சென்றான்' என வினையெச்சங்கள் நிகழ்ந்த வரிசையிலேயே பெரும்பாலும் அடுக்கப்படுகின்றன. சொல்லும் வரிசையும் நிகழ்ந்த வரிசையும் மாறுபடும் ஆங்கில உரையில் மாறுதலைக் காட்டும் குறிகளுள் இவ்வினைவடிவம் முதன்மையானது.

5.3 வினைநோக்குத் துணைவினைகள்

'பேருந்து இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்ற தமிழ் வாக்கியம் இருபொருள்படும். வந்திருக்கும் என்ற உறுதியான ஊகம் ஒன்று. வரவேண்டியது வரவில்லை என்ற குறை மற்றொன்று. ஆங்கிலம் முன்னதற்கு 'மஸ்ட் ஹேவ்' என்பதையும், பின்னதற்குப் பெரும்பாலும் 'ஷுட் ஹேவ்' என்பதையும் கையாளும். அவ்வாறே 'போகலாம்' என்பது இசைவையும் குறிக்கும், நிகழக்கூடுமையையும் குறிக்கும். ஆசிரியர் ஒன்றை உறுதியாகக் கூறுகின்றாரா, ஐயத்துடன் கூறுகின்றாரா என்பதே கருத்துரைப் பகுதியைப் படிப்போர் அறியவேண்டிய முதற்செய்தி. கடமையையும் அறிவுரையையும் கூறும் தனிவாக்கியங்களில் மட்டும் இத்துணைவினைகளைப் பயின்றவர்க்கு அது எட்டுவதில்லை.

5.4 அயற்கூற்று

'நான் நாளை வருகிறேன் என்று முருகன் சொன்னான்' எனும்போது, 'நான்' என்பது முருகனையே குறிப்பதாகக் கொள்கின்றோம். 'என்று' என்பது பிறர் கூற்றை மாற்றமின்றி ஏற்கும். இந்தியில் 'கி' என்பதும் இவ்வாறு வரும். ஆங்கில அயற்கூற்றிலோ இடமும் காலமும் மாறுகின்றன. பயிற்சிகள் இம்மாற்றத்தைப் பட்டியலாகத் தருகின்றன. 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகும் என்பது அவற்றுள் ஒன்று. கூற்று அதே நாளில் எடுத்துரைக்கப்படின் இம்மாற்றம் தேவையில்லை என்பதைப் பட்டியல் சொல்லாது. உரைப்பகுதியில் 'கூறினார்' என்ற வினை ஒருமுறை மட்டும் வந்து, அடுத்த வாக்கியங்களில் அது இன்றியே கூற்றுத் தொடர்வதுண்டு. அங்குக் கருத்து யாருடையது என்பதைக் காலமாற்றமே காட்டும். இதனை அறியாதவர் ஒருவர் மறுப்பதற்காக எடுத்துரைத்த கருத்தை ஆசிரியரின் கருத்தாகவே கொள்வர்.

5.5 எழுவாய் பயனிலை இயைபு

இயைபு என்ற கருத்து தமிழ் மாணவர்க்குப் பழகியதே. மலையாள வினைகளில் திணை, பால், எண், இட விகுதிகள் இல்லாமையால் அம்மொழியினர்க்கு அது புதிது. எனினும் சிக்கல் விகுதியில் மட்டும் இல்லை. 'தொழிற்சாலைகள் வெளியேற்றிய கழிவுகளின் அளவு கூடியுள்ளது' என்னும் தமிழ் வாக்கியத்தில் தலைமைப் பெயராகிய 'அளவு' வினையை ஒட்டி நிற்கின்றது. ஆங்கிலத்தில் 'அளவு' முதலில் வரும். கழிவுகளும் தொழிற்சாலைகளும் அதன்பின் வரும். வினையை ஒட்டி நிற்பது 'தொழிற்சாலைகள்' என்ற பன்மைச் சொல். அருகிலுள்ள பெயரே எழுவாய் என்ற தாய்மொழிப் பழக்கத்தால், மாணவர் வினையைப் பன்மையாக்குகின்றனர். அதே பழக்கத்தால், கூடியவை தொழிற்சாலைகள் எனவும் புரிந்துகொள்கின்றனர். இலக்கணப் பிழையும் படித்தற் பிழையும் ஒரே வேரில் தோன்றியவை. அவற்றைத் தனித்தனிப் பிரிவுகளில் திருத்த முயல்வதால் வேர் அப்படியே இருந்துவிடுகின்றது.

6. ஒரு தடையும் விடையும்

இலட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டியிருப்பதால், ஒரே விடையுடைய தனி இலக்கண வினாக்கள் தவிர்க்கவியலாதவை எனக் கூறப்படலாம். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆயின் ஒரே விடை உடைமை தனிவாக்கியத்திற்கு மட்டும் உரிய பண்பன்று. 'மூன்றாம் வாக்கியத்தில் குறிப்பிடப்படும் உழவரும் முதல் வாக்கியத்தில் வரும் உழவரும் ஒருவரா? எச்சொல்லால் அறிந்தாய்?' என்ற வினாவிற்கும் விடை ஒன்றே. 'கூடியது எது? அதனைக் காட்டும் வினைவடிவம் எது?' என்பதும் அத்தகையதே.

வினாத்தாள் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. உரைப்பகுதியின்கீழ் உள்ள வினாக்களோடு இத்தகைய வினாக்கள் இரண்டைச் சேர்க்க ஆசிரியர்க்குத் தனிக்கருவி எதுவும் வேண்டா. விளக்கத்தைத் தாய்மொழியில் தருவதும் தகும். பன்மொழியறிவு வகுப்பறையின் வளம் என்பதை 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு ஏற்றுள்ளது. அக்கொள்கை ஆங்கில வகுப்பில் செயலுருப்பெறத்தக்க இடங்களுள் இதுவும் ஒன்று.

7. முடிவுரை

பள்ளியிறுதி ஆங்கிலத் தேர்வில் வினவப்படும் ஐந்து இலக்கணக் கூறுகளும் தக்க தெரிவுகளே. யார், எப்போது, எவ்வளவு உறுதியாக, யார் சொல்லக் கேட்டு, எதைப் பற்றி என உரையில் அறியவேண்டிய அனைத்தையும் அவை தாங்கி நிற்கின்றன. அவற்றை வடிவங்களாக மட்டும் பயிற்றுவதே குறை.

இக்குறை அனைவரையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்வோர் இக்குறிகளைத் தம்மையறியாமலே பெற்றுவிடுகின்றனர். வகுப்பறையையும் பயிற்சி நூலையும் தவிர ஆங்கிலத்திற்கு வேறு வாயில் இல்லாத மாணவர், அந்நூல் தருவதை மட்டுமே பெறுகின்றனர். கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்பித் தேர்ச்சியும் பெறுகின்றனர். பின்னர்க் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அங்குக் கோடிட்ட இடங்கள் இருப்பதில்லை. எல்லாம் நிரப்பப்பட்டே உள்ளன. அவ்விடங்களில் ஏன் அச்சொற்கள் நிற்கின்றன என்பதைப் பள்ளியிலேயே அவர்க்கு உணர்த்துதல் இலக்கண ஆசிரியரின் கடமையாகும்.