பட்டை வில்லை உயர்த்தும் கலை
1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் கோர்க்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய நாற்சக்கர இயக்க வண்டிகளில், நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை அடுக்கி நடுவே ஒரு போல்ட்டால் இறுக்கிய பட்டை வில்லே எடையைத் தாங்குகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கலும் ஓரளவு தணிகிறது. அச்சுக்குக் கீழே யு-போல்ட்டுகளால் கட்டப்பட்ட இந்த வில்லை மேலே மாற்றி அமர்த்தினால், அச்சுக்குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிப்பும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும். வில்லின் ஒரு முனை நீளவும் சுருங்கவும் இடம் தரும் ஷேக்கிள் என்னும் இணைப்பை நீட்டுவது எளிது என்றாலும், இரண்டு அங்குலம் நீட்டினால் ஏறத்தாழ ஓர் அங்குலமே கிடைக்கும். அச்சும் சாய்ந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பு மாறிவிடும். தேர்ந்த கை தெரிவது அதன் பிறகுதான்: சரிவு கூடிய புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்னும் சிலுவை இணைப்பு அதிராதபடி அச்சின் கோணத்தைத் திருத்தி வெல்டு வைப்பதும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும் அந்தக் கையின் வேலை.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ட தாம்பரம் வட்டாரத்தில் இந்த உயரத்தின்மேல் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் வில்லை மாற்றுவதால் ஏறுவது உடலும் எஞ்சினுமே; இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல், பெரிய டயர் போட்டாலொழிய, இருந்த உயரத்திலேயே இருக்கும் என்பதால், அதன் மூச்சுக்குழாயை மேலே நீட்டாவிட்டால் வெள்ளநீர் புகுந்து ஆயில் பால்போல் வெளுத்துவிடும்.